முதுமையில் தட்டு சுருங்கும்போது மூளைக்கு என்ன ஆகிறது

சென்னையில் எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால், பல வீடுகளில் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். காலையில் காபியும் இரண்டு பிஸ்கட்டும், பிறகு இட்லி அல்லது ரவைக் கஞ்சி, மதியம் குழைய வடித்த சாதத்தில் ரசமும் மோரும், மாலையில் மறுபடி காபி, இரவுக்கு இடியாப்பமோ இன்னும் இரண்டு இட்லியோ. பல் போனதால் சுண்டல் நின்றிருக்கும். நறுக்கித் தர ஆளில்லாததால் வாழைத்தண்டும் வாழைப்பூவும் நின்றிருக்கும். கீரை ஆய்வதற்குக் கண்ணும் விரலும் ஒத்துழைக்காது. வாயு என்று பருப்பும், சர்க்கரை என்று பழமும் விலக்கப்பட்டிருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் தீட்டிய அரிசியும் பாலும் ரவையும் மட்டுமே தட்டில் மிஞ்சுகின்றன; வீட்டாரும் இதை வயதுக்கேற்ற எளிய சாப்பாடு என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இந்தச் சுருக்கம் குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றுகிறது என்பதற்கும், அவற்றின் வழியாக மூளையையும் தொடக்கூடும் என்பதற்கும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. அவற்றில் எது உறுதியானது, எது இன்னும் ஊகம், எது வெறும் விற்பனைப் பேச்சு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 2021இல் மாநில மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதை எட்டியவர்கள் என்று மதிப்பிடப்பட்டது; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது; 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய அளவிலான மருத்துவமனை ஒன்றும் திறக்கப்பட்டது. மருத்துவம் இவ்வளவு வளர்ந்த நகரத்தில் முதியோர் உணவைப் பற்றிய பேச்சு மட்டும் சர்க்கரையில் தொடங்கி உப்பில் முடிந்துவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

முதலில் குடலைப் பார்ப்போம். மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகவும், உடலின் சொந்த உயிரணுக்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இருப்பதாகவும் 2016இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் திருத்தமாகக் கணக்கிட்டார்கள். நம் உயிரணுக்களைவிட அவை பத்து மடங்கு என்று இன்றும் மேடைகளில் சொல்லப்படுவது பழைய, தவறான கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் உண்பதில் சிறுகுடலால் செரிக்க முடியாத பகுதி, அதாவது நார்ச்சத்தும் செரிமானத்துக்கு மசியாத மாவுச்சத்தும், அங்கே போய்ச் சேர்ந்து அவற்றுக்கு உணவாகிறது. அவை அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் பெறுகின்றன.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியல்ல என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் கொழுப்பு அமிலங்களாக மாறி, பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் கூடுதலாக உறிஞ்ச உதவும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அப்படியே நடந்தது, வயிற்றுப்போக்கின் அளவும் அது நீடித்த நேரமும் குறைந்தன. 2000இல் வெளியான அந்த ஆய்வு மூளையைப் பற்றியதல்ல. ஆனால் தட்டில் வைக்கும் மாவுச்சத்தின் தன்மையை மாற்றினால், பாக்டீரியாக்களின் வழியாக உடலின் வேலையையே மாற்ற முடியும் என்பதை நோயாளிகளிடத்தில் நேரடியாகக் காட்டியதால், இன்றைய ஆராய்ச்சிகள் பலவற்றுக்கும் அடியில் இருக்கும் கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நார்ச்சத்து வராமல் போனால் இந்த நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. குடற்சுவரை மூடிக் காக்கும் சளிப்படலத்தில் இருக்கும் சர்க்கரைகளை அவற்றில் சில உண்ணத் தொடங்குவதை 2016இல் எலிகளில் கண்டார்கள். விறகு தீர்ந்த வீட்டில் கூரையைப் பிரித்து அடுப்பில் வைப்பதைப் போன்றது இது. படலம் மெலியும்போது பாக்டீரியாக்களும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் குடற்சுவரை நெருங்குகின்றன, உடலின் எதிர்ப்பாற்றல் அமைப்பு விழித்துக்கொள்கிறது, பெரிய நோய் எதுவுமில்லாமலேயே ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் சற்று உயர்ந்தபடி இருக்கின்றன. முதுமையில் காரணம் தெரியாமல் நீடிக்கும் இந்த மெல்லிய அழற்சி, ரத்தக்குழாய்களையும் தசையையும் மூளையையும் ஒருங்கே பாதிக்கக்கூடியது என்று முதுமையியல் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் வழிகளில் அழற்சி ஒன்று. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து செல்வது இன்னொன்று. நுண்ணுயிர் எதுவுமே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இருக்கும் தடுப்பு கசியும் தன்மையுடன் இருந்ததையும், பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கொடுத்தபோது அது இறுகியதையும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2014இல் கண்டார்கள். மூன்றாவது வழி, மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு. இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது, ஆகவே குடல்தான் மகிழ்ச்சியின் ஊற்று என்ற வாசகம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. முதற்பாதி சரிதான். ஆனால் குடலில் உண்டாகும் செரோட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

வேகஸ் நரம்பின் பங்கு முதுமை நோய்களில், கைநடுக்கத்தைக் கொண்டுவரும் பார்க்கின்சனில்தான் நன்றாகப் பேசப்பட்டிருக்கிறது. பார்க்கின்சன் நோயின் அடையாளமான ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதக் கட்டிகள் மூளையில் தோன்றுவதற்கு முன்பே குடல் நரம்புகளில் தொடங்கி, வேகஸ் வழியாக மேலேறக்கூடும் என்று ஜெர்மானிய உடற்கூறு ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்தார். வயிற்றுப் புண்ணுக்காக முன்காலத்தில் வேகஸ் நரம்பின் முதன்மைத் தண்டையே வெட்டிய அறுவைக்கு உள்ளானவர்களை டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பதிவேடுகளில் தேடிப் பார்த்தபோது, அவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வருவது ஓரளவு குறைவாகத் தெரிந்தது. வேறுபாடு வலுவானதல்ல, ஆனால் கருதுகோளுக்கு இசைவானது. ஹொனலுலுவில் நடுவயதைக் கடந்த ஆண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2001இல் இன்னொன்றைச் சொன்னது. நாளுக்கு ஒரு முறைக்கும் குறைவாக மலம் கழித்தவர்களுக்கு, அன்றாடம் ஒரு முறை கழித்தவர்களைவிடப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 2.7 மடங்காக இருந்தது. மலச்சிக்கல் பார்க்கின்சனை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. நோய் கைநடுக்கமாக வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடலில் வேலையைத் தொடங்கியிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். மலச்சிக்கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வீண் அச்சம்தான் மிஞ்சும்.

உணவு, குடல், முதுமை மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்த்ததில் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் முக்கியமானது. 178 முதியோரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் தம் வீட்டில் வாழ்ந்தவர்கள், சிலர் பகல்நேர மருத்துவமனைக்கு வந்து போனவர்கள், சிலர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் தங்கியவர்கள். இல்லங்களில் இருந்தவர்களின் உணவில் காய், பழம், முழுதானியம் குறைந்து, கொழுப்பும் இனிப்பும் கூடிய மென்மையான பண்டங்கள் மிகுந்திருந்தன. அவர்களின் குடல் நுண்ணுயிர்களின் வகைகளும் வீட்டில் வாழ்ந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. வகை குறைந்தவர்களிடம் உடல் தளர்ச்சியும் அழற்சியும் கூடியிருந்தன. இதைவிட முக்கியமானது நிகழ்ச்சிகளின் வரிசை. இல்லத்தில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் உணவு மாறிவிட்டது. நுண்ணுயிர்கள் இல்லவாசிகளுடைய தன்மைக்கு முழுதாக மாற ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. முதலில் தட்டு மாறுகிறது, பிறகுதான் குடல் மாறுகிறது என்று இதிலிருந்து எண்ண இடமுண்டு.

அப்படியானால் தட்டை மறுபடி விரித்தால் என்ன ஆகும்? பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி, போலந்து ஆகிய ஐந்து நாடுகளில் 65 முதல் 79 வயது வரையிலான 612 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஓராண்டு முழுவதும் மத்தியதரைக்கடல் பாணியில் காய்கறி, பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த உணவு தரப்பட்டது. 2020இல் முடிவுகளை வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் தாரிணி சங்கர் கோஷ். அந்த உணவை ஒழுங்காகப் பின்பற்றியவர்களிடம் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கூடின. அவை கூடியவர்களிடம் அழற்சிக் குறியீடுகள் குறைந்து, நடைவேகமும் கைப்பிடி வலிமையும் சில அறிவாற்றல் சோதனைகளும் சற்று மேம்பட்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் படிந்துபோன நுண்ணுயிர் அமைப்பையும் எழுபது வயதில் உணவால் அசைக்க முடிகிறது என்பது இதிலிருந்து கிடைத்த நல்ல செய்தி.

லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2024இல் வெளியிட்ட சோதனை சிறியது, ஆனால் அமைப்பில் கெட்டியானது. அறுபது வயதுக்கு மேற்பட்ட 36 இரட்டையர் இணைகளை எடுத்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு இன்யூலின் வகை நார்ச்சத்துப் பொடியும் மற்றவருக்கு வெறும் மாவுப் பொடியும் 12 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. நார்ச்சத்து உண்டவர்களிடம் பிஃபிடோபாக்டீரியம் என்ற நன்மை தரும் குடல் பாக்டீரியா கூடியது, நினைவாற்றல் சோதனையில் பிழைகள் குறைந்தன. தசை வலிமையில் எந்த மாற்றமும் இல்லை. இன்யூலினும் அதன் உறவுப் பொருள்களும் எங்கோ இருந்து வர வேண்டியவை அல்ல. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பவை. ஆனால் 12 வாரத்தில் ஒரு சோதனையின் மதிப்பெண் மேம்படுவது வேறு, பத்தாண்டு கழித்து மறதிநோய் வராமல் இருப்பது வேறு. இரண்டாவதை இதுவரை எந்தக் குடல் நுண்ணுயிர் ஆய்வும் காட்டவில்லை.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. மூளை நலத்துக்கென்றே வகுக்கப்பட்ட ஓர் உணவுமுறையை அமெரிக்காவில் 604 முதியோரிடம் மூன்றாண்டு சோதித்து 2023இல் வெளியிட்டபோது, வழக்கமான உணவையே சற்று அளவு குறைத்து உண்ட மற்றக் குழுவுக்கும் இதற்கும் அறிவாற்றலில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினரும் எடை குறைந்தார்கள், இரு குழுவினரும் சற்று மேம்பட்டார்கள். உணவு மூளைக்குப் பயனற்றது என்று இதை வாசிப்பது அவசரமான முடிவு. ஏற்கெனவே ஓரளவு நல்ல உணவு உண்பவர்களிடம் மேலும் மெருகேற்றுவதால் மூன்றாண்டில் பெரிய ஆதாயம் தெரியாது என்று வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆதாயம் எதிர்பார்க்கத்தக்க இடம் தட்டு மிகவும் சுருங்கிப்போனவர்களிடம்தான். ஆய்வுகளில் தாமாக முன்வந்து சேர்பவர்களிடையே அத்தகையவர்களைப் பார்ப்பது அரிது.

மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்கள் மற்றவர்களுடையவற்றிலிருந்து வேறுபடுவதாகப் பல ஆய்வுகள் உண்டு. நோயால் உணவு மாறி, அதனால் நுண்ணுயிர் மாறியிருக்கலாம் அல்லவா என்ற கேள்வி இவற்றை எப்போதும் தொடர்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2023இல், மறதி சிறிதும் இல்லாத, ஆனால் மூளையில் அல்சைமர் புரதம் சேரத் தொடங்கிவிட்ட முதியோரிடமும் நுண்ணுயிர் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் அயர்லாந்தில், அல்சைமர் நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை இளம் எலிகளுக்குள் செலுத்தியபோது அவற்றின் நினைவாற்றல் குறைந்தது. எலியில் நடப்பது மனிதரில் நடந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சீனாவில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு மருந்து, குடல் நுண்ணுயிர்களைத் திருத்தி அல்சைமரைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லப்பட்டு 2019இல் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. அதன் பன்னாட்டுச் சோதனை 2022இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

மேலே சொன்ன முடிவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க முதியோரிடமிருந்து வந்தவை. இந்தியக் குடல்களில் பிரிவோட்டெல்லா என்ற பாக்டீரியா இனம் மிகுந்திருப்பதும், தானியமும் பயறும் காயும் மிகுந்த உணவோடு அது தொடர்புடையது என்பதும் இந்திய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. சைவ உணவு உண்டாலே குடல் நன்றாக இருக்கும் என்று நம்மில் பலர் நம்புவதற்கும் அளவுகோல் தேவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தென்னிந்திய இளம்பெண்களிடையே சைவரையும் அசைவரையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டபோது, பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அசைவம் உண்டவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. கறியில் நார்ச்சத்து கிடையாது. ஆகவே கறியே இதற்குக் காரணம் என்று கொள்ள முடியாது. சைவம் என்ற பெயரில் தட்டில் என்ன இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வெள்ளைச் சாதமும் உருளைக்கிழங்கும் தயிரும் சைவம்தான்.

சென்னையின் தட்டைப் பற்றி நம்மிடம் நல்ல தரவு இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் இந்நகர மக்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு நாளின் கலோரிகளில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் முதன்மையாக வெள்ளை அரிசியிலிருந்து, வருவது தெரிந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் ஏறக்குறைய 11 கிராம், முழுப் பாசிப்பயறில் 17, கருப்புக் கொண்டைக்கடலையைப் போன்ற முழுக்கடலையில் 25, முருங்கைக்கீரையில் 8. நாளொன்றுக்கு 2,000 கலோரிக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. முதலில் சொன்ன இட்லி, ரசம் சாதம், இடியாப்பத் தட்டை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால், பாதியை எட்டுவதே கடினம் என்பது தெரியும். தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. நீரிழிவு மறதிநோய்க்கான காரணிகளில் ஒன்று என்பது நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே பாக்டீரியாக்களை முற்றிலும் மறந்துவிட்டாலும், அரிசியைக் குறைத்துப் பயறையும் கீரையையும் கூட்டுவதற்குக் காரணம் அப்படியே நிற்கும்.

புளித்த உணவைப் பற்றி நாம் பெருமைப்படுவதில் பாதிக்கு மட்டுமே ஆதாரம் உண்டு. இட்லி மாவை உப்ப வைப்பதில் லுக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு முதன்மையான பங்கு உண்டு என்பது 1960களிலேயே தெரிந்தது. ஆனால் இட்லித் தட்டில் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடுகின்றன. புளிப்பதால் செரிமானம் எளிதாவதும் சில சத்துகளை உடல் நன்றாக ஏற்பதும் உண்மை, உயிருள்ள பாக்டீரியா வயிற்றுக்குப் போகிறது என்பது உண்மையல்ல. வீட்டில் உறைக்குத்திய தயிரும் மோரும் வேறு. பழைய சோறும் வேறு. இரவெல்லாம் நீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன, ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிமானத்துக்கு மசியாததாக மாறியும் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ் நூறாண்டுக்கு முன் புளித்த பாலே முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பித் தாமும் அன்றாடம் குடித்தார்; 71 வயதில் இறந்தார். 2021இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் செய்த சோதனையில், புளித்த உணவைப் பத்து வாரம் கூட்டி உண்டவர்களிடம் நுண்ணுயிர் வகைகள் பெருகி அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. அவர்கள் நலமான, முதுமை எட்டாத வயதினர். ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நம் ஊறுகாய்களில் பெரும்பாலானவை உப்பாலும் எண்ணெயாலும் காக்கப்படுபவை. அந்த உப்பு ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது, உயர் ரத்த அழுத்தம் மூளையைக் கெடுப்பதற்குப் பாக்டீரியாக் கதை எதுவும் தேவையில்லை. ரத்த அழுத்தத்தைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினால் அறிவாற்றல் குறைபாட்டின் தொடக்கநிலை குறைகிறது என்பதை 2019இல் ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை காட்டியிருக்கிறது.

முதியோரின் குடலைப் பற்றிப் பேசும்போது மருந்துப் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாது. பாக்டீரியாக்களைக் கொல்லும் நோக்கமே இல்லாத மருந்துகளில் 24 விழுக்காடு, ஏதேனும் ஒரு குடல் பாக்டீரியாவின் வளர்ச்சியையாவது தடுப்பதை 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சோதித்துக் கண்டார்கள். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நீண்ட நாள் உட்கொண்டால், வாயில் வாழும் பாக்டீரியாக்கள் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் குடியேறுகின்றன. நம் ஊரில் இம்மாத்திரைகளைச் சிலர் மருத்துவரைக் கேட்காமலே ஆண்டுக்கணக்கில் காலை வெறும்வயிற்றில் விழுங்கி வருகிறார்கள். இவற்றால் பி12 உயிர்ச்சத்தை உடல் ஏற்பதும் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் அதையே செய்கிறது. இரண்டையும் சேர்த்து உட்கொள்ளும், முட்டையும் மீனும் உண்ணாத ஒரு முதியவருக்குப் பி12 குறைந்து, மறதியும் தடுமாற்றமும் கால் மரப்பும் வந்தால், அதை மூப்பின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யத் தொடங்கலாம். தாமதித்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். குடல் பாக்டீரியாக்களைப் பற்றிய எந்தப் பரிசோதனைக்கும் பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்துகொள்வதே அறிவுடைமை என்பேன். மலத்தைத் தபாலில் வாங்கிப் பகுத்து, உங்கள் குடலின் வயது இவ்வளவு என்று சொல்லும் சேவைகளின் முடிவைக் கொண்டு எந்த மருத்துவரும் சிகிச்சை முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளுக்கும், மறதியைத் தடுப்பதில், இதே நிலைதான்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மறதிநோய்க்கான மாற்றத்தக்க காரணிகள் என்று 14ஐப் பட்டியலிட்டது. அனைத்தையும் களைய முடிந்தால் உலகின் மறதிநோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று மதிப்பிட்டது. செவித்திறன் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, தனிமை, பார்வைக் குறைபாடு எல்லாம் அதில் இருக்கின்றன. குடல் நுண்ணுயிர் அதில் இல்லை. அதற்குரிய சான்று இன்னும் அந்தத் தரத்தை எட்டவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் தனிமை இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்காக மட்டும் சமைக்கும் வீட்டில்தான் கூட்டும் பொரியலும் முதலில் நின்றுபோகின்றன; பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் சென்னை வீடுகளில் இது அன்றாட நிலை.

தட்டை விரிப்பதற்கு ஆலிவ் எண்ணெயும் அவகாடோவும் தேவையில்லை. பல் இல்லாதவருக்குக் கீரை மசியல் ஏற்கெனவே மென்மையானது. வாழைத்தண்டைக் குக்கரில் வேகவைத்து மோர்க்கூட்டில் சேர்க்கலாம். சுண்டலுக்கு வேகவைத்த கடலையை மசித்துக் கொடுக்கலாம். வாரத்தில் சில நாள் காலை ரவைக் கஞ்சிக்குப் பதில் கேழ்வரகுக் கூழும் மோரும் வைக்கலாம். சின்ன வெங்காயச் சாம்பார் யாருக்கும் புதிதல்ல. பொருந்தாத பல்செட்டைச் சரிசெய்வதே சிலருக்கு உணவு ஆலோசனையைவிடப் பெரிய உதவியாக இருக்கும். நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, வாயு என்று சொல்லி மறுபடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். நான்கைந்து வாரத்தில் மெல்லக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும், தண்ணீரும் கூடவே கூட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரையையும் பயறையும் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மறதிநோய் முற்றி விழுங்குவதில் தடுமாற்றம் வந்தவர்களுக்குப் பருப்பும் கடலையும் புரையேறும் ஆபத்து உள்ளவை; எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதை விழுங்குதல் பயிற்சி அறிந்த சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். இசப்கோல் குடிப்பவர்கள் போதிய தண்ணீரோடு குடிக்க வேண்டும், தைராய்டு மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இடையே சில மணி நேரம் விட வேண்டும்.